நாட்டின் நடுவில் ஒரு சிற்றூர்

நம் கிறிஸ்தவ இல்லங்களில் குழந்தை இயேசுவின் படம் இல்லாத இல்லம் அரிது. தலையில் மணிமுடி, உடலில் தரை தொடும் அங்கி, இடக்கையில் உலகுருண்டை, ஆசி வழங்க உயர்ந்த வலக்கை. இத்திருவுருவின் தாயகம் எதுவென்று பலரிடம் கேட்டுப் பார்த்தோம். சிலர் உரோமை என்றனர், சிலர் எசுப்பானியா என்றனர். எசுப்பானியா என்றவர்களைத் தவறென்று சொல்வதற்கில்லை. சுரூபம் அங்கிருந்து வந்ததே. ஆயினும் அது இன்று வணங்கப்பெறும் இடம் பிராகு மாநகரிலுள்ள வெற்றி அன்னையின் ஆலயம். 1628-ஆம் ஆண்டில் லோப்கோவிட்ஸ் குடும்பத்துப் பொலிக்சேனா சீமாட்டி அதனைக் கார்மேல் சபைத் துறவியருக்குக் கொடுத்தார். அன்று முதல் செக் மக்களின் தலைநகர் அக்குழந்தையின் பெயரோடு இணைந்துவிட்டது.

பிராகு நகரைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இம்மாதம் வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புவது அந்நகருக்கு அன்று. சில நூறு பேரே வாழும் ஒரு சிற்றூருக்கு. காலால் நடந்து சென்ற பயணமன்று இது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரலாற்றைக் கைவிளக்காகப் பிடித்துச் செல்லும் பயணம். ஊரின் பெயர் சீஹோஷ்ட். முதலெழுத்தை 'அச்சம்' என்னும் சொல்லில் வரும் சகரம்போல் அழுத்தி ஒலிக்க வேண்டும். அச்சத்திற்கும் அவ்வூருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

நிலமும் நீரும்

செக் குடியரசுக்குக் கடற்கரை கிடையாது. நாற்புறமும் நிலமே சூழ்ந்த நாடு. பரப்பளவு ஏறத்தாழ 78,900 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பாதியை விடச் சற்றுக் கூடுதல். மேற்கே பொஹீமியா, கிழக்கே மொராவியா என இரு பெரும் பகுதிகள். வடகிழக்கு மூலையில் சிலேசியாவின் ஒரு துண்டு. பொஹீமியாவும் மொராவியாவும் தோளோடு தோள் உரசும் இடத்தில் உயர்ந்து கிடக்கிறது ஒரு மேட்டுநிலம். மலை என்று சொல்லத்தக்க உயரம் அதற்கில்லை. சமவெளி என்று சொல்லவும் இயலாது. அலையலையான குன்றுகள், அவற்றின் முதுகில் ஊசியிலைக் காடுகள், இடையிடையே வயல்கள், குளங்கள். அம்மாநிலத்திற்கே 'விசோச்சினா' என்று பெயர். மேட்டுநிலம் என்பதே அதன் பொருள்.

இந்த மேட்டில் விழும் மழைநீருக்கு விந்தையான விதி ஒன்று உண்டு. மேற்குச் சரிவில் விழும் துளி சாஸவா முதலிய ஆறுகளில் இறங்கி, வல்தாவா ஆற்றில் கலந்து, எல்பா வழியே வட கடலை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழுந்த துளியோ ஜிஹ்லாவா, மொராவா ஆறுகளின் வழியே தன்யூப் பேராற்றில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. ஒரே மேகத்தின் இரு துளிகள் கண்டத்தின் இரு எல்லைகளுக்குப் பிரிந்து செல்கின்றன.

நிலம் வளமானதன்று. குளிர்காலம் நீண்டது, பனி ஆழமானது. கோதுமை செழிக்கும் தாழ்நிலங்களை நோக்கப் பின்தங்கிய மண். ஆனால் உருளைக்கிழங்குக்கு ஏற்றது. அருகிலுள்ள ஹாவ்லீச்குவ் பிரோத் நகரில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் உண்டு. ஒரு காலத்தில் அந்நகரைச் சுற்றி வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. வெள்ளி தீர்ந்தது, கிழங்கு நிலைத்தது.

பிராகு நகரிலிருந்து தென்கிழக்கே, பறவை பறக்கும் நேர்வழியில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், சாஸவா ஆற்றின் கரையிலுள்ள லெதெச் என்னும் சிறுநகருக்கு வடகிழக்கே, குன்றுகளின் நடுவில் அமைந்திருக்கிறது சீஹோஷ்ட். 1993-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் செக், சுலோவாக்கு என்னும் இரு நாடுகளாக அந்நாடு பிரிந்தது. புதிய செக் குடியரசின் நில நடுப்புள்ளி எங்கே என்று நில அளவையாளர் கணக்கிட்டபோது, விடை இவ்வூரின் எல்லையில் விழுந்தது. அவ்விடத்தில் ஒரு கல் நாட்டப்பெற்றுள்ளது. நாட்டின் நடுவிடம் என்பதால் வழிப்போக்கர் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரின் பெயர் அந்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் தாழ்ந்த குரலில் பேசப்பட்டு வந்தது. நில அளவையாளர் காரணமல்லர்; ஒரு பங்குத்தந்தை காரணம்.

பழைய வரலாறு

கதைக்குள் நுழையுமுன் நாட்டின் சமய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுதல் வேண்டும். 863-ஆம் ஆண்டில் புனித சிரிலும் மெத்தோடியுவும் மொராவியாவுக்கு வந்து, அம்மக்கள் புரிந்துகொள்ளும் சிலாவ் மொழியிலேயே வழிபாட்டை நடத்தினர். பதினோராம் நூற்றாண்டில் புனித புரோக்கோப்பு, நாம் மேலே கண்ட அதே சாஸவா ஆற்றின் கரையில் மடம் ஒன்றை நிறுவினார். சிலாவ் மொழி வழிபாடு அங்கே சில காலம் தழைத்தது.

1393-இல் அருளாளர் யான் நெப்போமுக்கு வல்தாவா ஆற்றில் எறியப்பட்டு உயிர்நீத்தார். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தைக் காத்தமைக்காக உயிர்கொடுத்தவர் என்று மக்கள் அவரைப் போற்றினர். 1729-இல் அவர் புனிதராக உயர்த்தப்பெற்றார். 1415-இல் யான் ஹுஸ் என்னும் குரு கொன்ஸ்தான்சு நகரில் எரிக்கப்பட்டார். அத்தீயிலிருந்து எழுந்த போர்கள் மேட்டுநிலத்தையும் விட்டுவைக்கவில்லை. 1422-இல் ஹுஸ் பிரிவினரின் படை ஹாவ்லீச்குவ் பிரோத் நகரைச் சூறையாடியது. 1620-இல் வெள்ளை மலைப் போருக்குப்பின் கத்தோலிக்க அரசர் வென்றனர். ஆனால் வென்றவர்கள் வாளைக்கொண்டு விசுவாசத்தைத் திணித்த நினைவு அம்மக்களின் நெஞ்சில் வடுவாகத் தங்கிவிட்டது. இதனையும் நாம் மறைக்கலாகாது.

1918-இல் குடியரசு மலர்ந்தது. 1939-இல் நாசிகள் புகுந்தனர். 1945-இல் விடுதலை. மூன்றே ஆண்டுகளில், 1948 பிப்ரவரியில், பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், நாசிகளின் டாக்காவு முகாமிலிருந்து உயிரோடு மீண்டு வந்திருந்த பிராகு பேராயர் யோசெப் பெரான் மறுபடியும் காவலில் வைக்கப்பட்டார். அக்டோபரில் வந்த சட்டப்படி, குருக்களின் ஊதியம் அரசிடமிருந்து வரும். அரசின் ஒப்புதலின்றி எக்குருவும் எப்பங்கிலும் பணியாற்ற இயலாது. கத்தியால் அன்று, சம்பளப் பட்டியலால் திருச்சபையைக் கட்டும் முறை இது.

இச்சட்டம் வந்து இரண்டு மாதங்கள் முடியுமுன் நடந்ததுதான் சீஹோஷ்ட் நிகழ்ச்சி.

உழவர் மகன்

யோசெப் தோஃபர், நம் வழக்கில் சொன்னால் சூசை, 1902 ஜூலை 14-ஆம் நாள் ஆர்னொலெட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். அதுவும் இதே மேட்டுநிலத்து ஊர்தான். உழவர் குடும்பம். தந்தையின் நிலத்தைத் தொடர்ந்து உழ வேண்டிய மகனாகவே வளர்ந்தார். குருவாக வேண்டும் என்னும் ஆசை உள்ளத்தில் இருந்தது. கையில் கலப்பை இருந்தது. இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகள் ஆன பின்னரே படிப்புக்குப் போக வழி பிறந்தது. மீசை முளைத்த ஆண்மகன் சிறுவர்களோடு பள்ளி விசிப்பலகையில் உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார். பின்னர் ஹ்ரடெட்ஸ் க்ராலவே நகரின் குருமடத்தில் இறையியல் கற்று, 1940-இல், ஏறத்தாழ 38-ஆம் அகவையில், குருப்பட்டம் பெற்றார்.

காலந்தாழ்ந்து வரும் அழைத்தல்களை நாமும் குருமடத்தில் கண்டிருக்கிறோம். நாம் பதினாறு வயதில் நுழைந்தோம். எமது வகுப்பிலேயே அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்த முப்பது வயதுத் தோழர் ஒருவர் இருந்தார். தேர்வில் எமக்குக் கிடைத்த மதிப்பெண்ணில் பாதியே அவருக்குக் கிடைக்கும். ஆனால் கோவிலில் முழந்தாளிட்டிருக்கும் அவரைப் பார்த்தால், தாம் விட்டு வந்தது எது, தேடி வந்தது எது என்று அறிந்தவர் என்பது தெரியும். தோஃபர் அடிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அத்தோழரின் முகமே நம் கண்முன் வருகிறது.

அவருடைய முதற்பங்கு சஹ்ராத்கா. 'சிறு தோட்டம்' என்று பொருள்படும் அழகிய பெயர். போர்க்காலத்திலும் அதன் பின்னும் எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்தார். உழவர் மொழியில் பேசும் குரு. நிலத்தின் அருமை அறிந்த குரு. இளைஞர்கள் அவரைச் சூழ்ந்து நின்றனர். அந்தச் செல்வாக்கே புதிய ஆட்சியாளருக்கு உறுத்தலாயிற்று. 1948-இல் அவர் சீஹோஷ்ட் பங்கிற்கு வந்தார். விண்ணேற்பு அன்னையின் பெயரால் விளங்கும் அவ்வூர்க் கோவில் நடுக்காலக் கோத்திக் பாணியில் வேர்கொண்ட சிறிய கோவில். நம் நாட்டுப்புறப் பங்குகளில் உள்ள கோவில்களைவிடப் பெரிதன்று.

திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு

1949 டிசம்பர் 11. திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு. அக்காலத்து வழிபாட்டு ஒழுங்கின்படி, திருமுழுக்கு யோவான் தம்மிடம் வந்தோரை நோக்கி, நீங்கள் அறியாத ஒருவர் உங்கள் நடுவிலேயே நிற்கிறார் என்று கூறும் நற்செய்திப் பகுதி அன்று வாசிக்கப்பெற்றது. தோஃபர் அடிகள் மறையுரை ஆற்றினார். பேச்சினிடையே நற்கருணைப் பேழையைக் கையால் சுட்டிக்காட்டி, நம் மீட்பர் இங்கேதான் இருக்கிறார் என்னும் கருத்தில் பேசினார்.

அவ்வேளையில் பீடத்தின்மேல், பேழைக்கு மேலே நின்ற சிலுவை, ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள மரச்சிலுவை, பக்கவாட்டில் பலமுறை அசைந்ததாக மக்களிற் சிலர் கண்டனர். அனைவரும் அன்று; ஏறத்தாழ இருபது பேர். கண்டவர்கள் ஒருவருக்கொருவர் சைகை காட்டவில்லை, கூச்சலிடவில்லை. பூசை முடிந்த பின்னரே ஒருவர் மற்றவரிடம் 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்டனர்.

பார்க்காத ஒருவர் இருந்தார். அவர் மறையுரை ஆற்றியவர். மக்களை நோக்கி நின்றமையால் பீடம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிறர் வந்து சொல்லிய பின்னரே பங்குத்தந்தை அதனை அறிந்தார். முதலில் வியந்தார், பின்னர்க் கண்டோரை அழைத்து விசாரித்தார். தாம் காணாததைக் கண்டதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஒரு நிமிடம் நின்று நமது சொந்தக் குறை ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, விழித்திருப்பதைப் பற்றியும் எரியும் விளக்கைப் பற்றியும் இருபது நிமிடங்கள் முழங்கினோம். பூசை முடிந்து அங்கியைக் கழற்றுகையில் கோவிற்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, "சாமி, நற்கருணை விளக்கு முதலிலிருந்தே அணைந்து கிடந்தது" என்றார். மக்கள் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நாம் ஒருவர்தான் பார்க்கவில்லை. மக்களை நோக்கிப் பேசுகிறவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது மக்களுக்கே தெரியும். குருத்துவத்தின் நிலை அது. நமக்கு அணைந்த விளக்கு. தோஃபர் அடிகளுக்கு அசைந்த சிலுவை.

காணாததற்குக் கொடுத்த விலை

செய்தி பரவியது. அருகூர்களிலிருந்து மக்கள் வரத் தொடங்கினர். ஆட்சியாளருக்கு இது சிறு நிகழ்ச்சியாகப் படவில்லை. பேராயர் காவலில், குருக்கள் சம்பளப் பட்டியலில், அச்சத்தில் அடங்கிக் கிடந்த மக்கள், ஒரு சிற்றூர்ச் சிலுவையைக் காண நடந்து வருகின்றனரே! சிலுவை அசைந்ததென்றால், அதனைக் குருவே ஏதோ பொறி வைத்து அசைத்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வத்திக்கான் இருக்க வேண்டும். முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு சான்று தேடப் புறப்பட்டனர்.

1950 ஜனவரி 28-ஆம் நாள் சனிக்கிழமை, இரகசியக் காவலர் தோஃபர் அடிகளைப் பிடித்துச் சென்றனர். மறுநாள் ஞாயிறு, மக்கள் கோவிலுக்கு வந்தபோது குரு இல்லை. அவரைக் கொண்டு சென்ற இடம் வால்திட்சே சிறை. பதினேழாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவியருக்காக எழுப்பப்பெற்ற மடம் அது. உலகிலேயே மிகக் கடுமையான மௌனத்தைக் கடைப்பிடிக்கும் அத்துறவியர் செபித்த சுவர்களுக்குள்ளே, ஒரு குருவின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பெறுவதற்கு நான்கு வாரங்களாக அடித்தனர். 'சிலுவையை நானே அசைத்தேன்' என்பதே அவ்வாக்கியம்.

வாசகர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். விசுவாசத்தை மறுதலிக்கும்படி அவரைக் கேட்கவில்லை. சிலுவையை மிதிக்கும்படி கேட்கவில்லை. பண்டைய வேதசாட்சிகளிடம் கேட்ட எதனையும் கேட்கவில்லை. ஒரு பொய்யை மட்டுமே கேட்டனர். அதுவும் அவர் கண்ணால் காணாத ஒன்றைப் பற்றிய பொய். ஆனால் அப்பொய்யைச் சொன்னால், தம்மிடம் வந்து 'கண்டோம்' என்று சொன்ன எளிய மக்களை, அவர்களுள் ஒவ்வொருவரையும், ஏமாந்த மூடர் என்று அவரே அறிவிப்பதாகும். மேய்ப்பன் தன் மந்தையைத் தன் வாயாலேயே கைவிடுவதாகும். பணயம் அதுதான்.

சிலுவையையும் பீடத்தையும் காவலர் ஆராய்ந்தனர். தேடிய பொறி அகப்படவில்லை. அகப்படாததைத் தாங்களே உண்டாக்க எண்ணினர். அரசின் சார்பில் ஒரு திரைப்படம் எடுக்க ஏற்பாடாயிற்று. சிலுவையில் கம்பி பூட்டி, அது அசைவதாகக் காட்டி, குருவின் வஞ்சகம் இதுவெனச் சொல்லும் படம். இடறல் உண்டாக்குவோரைப் பற்றி ஆண்டவர் உரைத்த எச்சரிக்கைச் சொல்லையே அப்படத்திற்குத் தலைப்பாக வைத்தனர். பிப்ரவரி 23-ஆம் நாள் தோஃபர் அடிகளை அவருடைய சொந்தக் கோவிலுக்குக் கொண்டுவந்தனர். ஒளிப்படக் கருவியின் முன் தம் 'குற்றத்தை' அவர் நடித்துக் காட்ட வேண்டும் என்பது திட்டம். அவரால் நிற்கவும் இயலவில்லை. படப்பிடிப்புக்குப் பயன்படாத உடலாக அவரை ஆக்கியிருந்தவர்கள் அவர்களே.

பிராகு நகரின் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்யப்பட்டது. காலம் கடந்துவிட்டது. 1950 பிப்ரவரி 25-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 47. நம்மைவிட இளையவர். குருவாகிப் பத்து ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. பிராகு நகரின் ஓரத்திலுள்ள டியாப்லிட்சே இடுகாட்டில், பெயரை மாற்றி, பலரைச் சேர்த்துப் புதைக்கும் குழியில் அவரைப் போட்டு மூடினர். உறவினருக்கும் பங்கு மக்களுக்கும் உடனே ஒன்றும் அறிவிக்கவில்லை. குரு எங்கோ சிறையில் உயிரோடு இருக்கிறார் என்றே எண்ணி அவர்கள் செபித்து வந்தனர்.

அடுத்த மாதம், மார்ச்சில், பிராகு நகரிலிருந்த திருத்தந்தையின் தூதரகப் பொறுப்பாளர் ஒத்தாவியோ தெ லீவா நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். சீஹோஷ்ட் நிகழ்ச்சியும் அதற்குச் சாட்டிய காரணங்களுள் ஒன்று. ஏப்ரல் 13-ஆம் நாள் நள்ளிரவில் ஆண் துறவியர் மடங்கள் நாடெங்கும் ஒரே வேளையில் சூழப்பட்டன. 2,000-க்கும் மேற்பட்ட துறவியர் காவல் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

மூழ்கிய தோட்டம்

இனி அவருடைய முதற்பங்கான சஹ்ராத்காவின் கதையைச் சொல்ல வேண்டும். பிராகு நகருக்குக் குடிநீர் வேண்டுமென்று ஷெலிவ்கா ஆற்றின் குறுக்கே பேரணை ஒன்று எழுப்பப்பட்டது. 1970-களில் நீர்த்தேக்கம் நிறைந்தபோது 'சிறு தோட்டம்' இல்லாமற் போயிற்று. மக்கள் பெயர்க்கப்பட்டனர்; வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சி நிற்பது புனித வீத்து ஆலயம் ஒன்றே. ஊரில்லாத கோவில். அணை கட்டுவதற்காக ஊர் பெயர்ந்த மக்களின் துயரம் நம் நாட்டினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. தலைநகரில் ஒருவர் குழாயைத் திறந்து நீர் குடிக்கும்போது, அந்நீர் எவருடைய வாசற்படியின் மேல் நிற்கிறது என்று எண்ணுவதில்லை.

தோஃபர் அடிகளின் பெயரையும் அவ்வாறே நீருக்கடியில் ஆழ்த்திவிட முயன்றனர். இயலவில்லை. 1968-இல் சிறிது காலம் சுதந்திரக் காற்று வீசியபோது செய்தித்தாள்கள் அவர் கதையைக் கிளறின. அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத்துப் படைகள் புகுந்ததும் வாயில் மறுபடியும் மூடப்பட்டது. நாட்டை விட்டுச் சென்ற எழுத்தாளர் யோசெப் ஷ்க்வொரெட்ஸ்கி இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு ஒரு நாவலை எழுதி, 1972-இல் கனடா நாட்டில் வெளியிட்டார். 1989 நவம்பரில் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் ஆவணங்கள் திறக்கப்பட்டன. அடித்து விசாரித்த அதிகாரி முதுமையில் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுத் தண்டனை பெற்றார். அத்தண்டனை மிகச் சிறிது. பல ஆண்டுகள் கழிந்த பின் வரும் நீதி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. வந்ததே, அதுவே செய்தி.

2013-இல் ஹ்ரடெட்ஸ் க்ராலவே மறைமாவட்டம் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணையைத் தொடங்கியது. 2014 நவம்பரில் டியாப்லிட்சே குழி தோண்டப்பட்டது. பலருடைய எலும்புகளுக்கிடையே அவருடையவற்றை அறிவியல் ஆய்வின் துணையால் உறவினரின் மரபணுக்களோடு ஒப்பிட்டு இனங்கண்டனர். 2015 ஜூலை 12-ஆம் நாள் ஞாயிறன்று, 65 ஆண்டுகள் கழித்து, பங்குத்தந்தை தம் பங்கிற்குத் திரும்பினார். அந்தச் சிறிய கோவிலுக்குள் அவர் அடக்கம் செய்யப்பெற்றபோது ஆயிரக்கணக்கானோர் அச்சிற்றூரில் கூடியிருந்தனர்.

சிலுவை அசைந்ததா?

வாசகர்கள் கேட்கத் துடிக்கும் கேள்வி நமக்குத் தெரியும். சாமி, சிலுவை மெய்யாகவே அசைந்ததா?

திருச்சபை இது புதுமை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இது புதுமை அன்று என்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. அருளாளர் நிலைக்கான விசாரணையின் அடிப்படையும் சிலுவையின் அசைவன்று. விசுவாசத்தின் மேலுள்ள பகையால் அவர் கொல்லப்பட்டார் என்பதே. திருச்சபை பேசாத இடத்தில் ஒரு பங்குக்குரு பேசுவது முறையன்று. கண்டவர்கள் கண்டோம் என்றனர். காணாதவர்கள் காணவில்லை என்றனர். எவரும் தம் சொல்லை ஆதாயத்திற்காக மாற்றவில்லை. தோஃபர் அடிகளும் அப்படியே. இதற்குமேல் நாம் சொல்வதற்கில்லை.

ஆனால் ஒன்று உறுதி. புதுமைகளைத் தேடி ஊர் ஊராக அலையும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. எங்கோ ஓர் ஊரில் சுரூபம் கண்ணீர் வடிக்கிறதென்றால் பேருந்து பிடித்து ஓடுகிறோம். சீஹோஷ்ட் மக்கள் அன்று எங்கும் ஓடவில்லை. வழக்கம்போல் ஞாயிறு பூசைக்கு வந்து, வழக்கமான விசிப்பலகையில் அமர்ந்து, தங்கள் பங்குத்தந்தையின் மறையுரையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவரும் சிலுவையைச் சுட்டவில்லை. நற்கருணைப் பேழையையே சுட்டினார். அசைவு அரிது, ஒருமுறை நடந்ததோ இல்லையோ, இனியும் நடக்குமோ நடவாதோ. அவர் கைகாட்டிய இடத்தில் இருப்பவரோ அன்றும் இருந்தார், மறுநாளும் இருந்தார், அந்தக் கோவிலிலும் நம் கோவிலிலும் இன்றும் இருக்கிறார்.

செக் நாட்டில் தம்மை விசுவாசிகள் என்று பதிவு செய்துகொள்வோர் இன்று சிறுபான்மையோரே. நாட்டின் நடுப்புள்ளியைக் காண வந்து, கல்லருகே நின்று படமெடுத்துக்கொள்வோர் பலர் கோவிலைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருக்கலாம். ஆயினும் கல்லிலிருந்து கோவில் தொலைவில் இல்லை. நில அளவையாளர் தங்கள் கணக்கால் குறித்த நடுவிடம் ஒன்று. நாற்பத்தேழு வயதுக் குரு ஒருவர் கையை நீட்டிக் குறித்த நடுவிடம் மற்றொன்று. இரண்டும் ஒரே சிற்றூரில்.

அடுத்த முறை குழந்தை இயேசுவின் படத்திற்கு முன் மெழுகுதிரி ஏற்றும்போது, அப்படம் பிறந்த நாட்டின் நடுவிலுள்ள அச்சிற்றூரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 25 தோஃபர் அடிகளின் நினைவு நாள். அன்று உங்கள் பங்குத்தந்தைக்காகவும் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். மறையுரையின்போது நற்கருணை விளக்கு அணைந்திருப்பதைக் கண்டால், பூசை முடியும் வரை காத்திராமல் எழுந்து வந்து ஏற்றிவிடுங்கள். எமக்குப் பின்னால் நடப்பது எமக்குத் தெரிவதில்லை.